பராசக்தியின் பதினான்கு பரப்பு

பராசக்திக்கு அந்தக் காணி எழுதப்பட்டது 1924ஆம் ஆண்டு ஆனி மாதம், அவளுடைய கலியாணத்துக்கு நாலு நாள் முந்தி. கரவெட்டிக்குக் கிழக்கே இரண்டு மைலில் உள்ள விளாத்தியடிச் சந்தியில், பெரிய தெருவும் கடற்கரை ஒழுங்கையும் சேருகிற மூலையில், பதினான்கு பரப்பு, ஓர் ஏக்கருக்குச் சற்றுக் குறைய. கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு. தகப்பன் புகையிலைத் தோட்டக்காரர். தன்னிடம் இருந்ததில் நல்லதையே மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தார். உறுதிப் பத்திரத்திலே அந்தக் காணிக்கு வேறொரு பழைய பெயர் இருந்தது. ஊரில் ஒருவரும் அதைச் சொன்னதில்லை. பராசக்தியின் காணி என்பதுதான் அதற்குப் பெயர். அதற்குள் மாடு புகுந்தாலும் வேலி சரிந்தாலும் அவளிடம்தான் வந்து சொல்லுவார்கள்.

கணவன் சண்முகநாதன் அந்தக் காணியில் ஒரு நாளாவது மண்வெட்டி பிடித்தவனல்லன். இங்கிலீசு படித்தவன். 1928 செப்டெம்பர் மூன்றாம் திகதி மலாயாவுக்குக் கப்பலேறினான். ஈப்போவில் றெயில்வே கிளாக்கு. மகள் குணலட்சுமிக்கு அப்போது இரண்டு வயது. அந்தக் காலத்தில் விளாத்தியடியிலிருந்து முப்பத்தொரு பேர் மலாயாவில் உத்தியோகம் பார்த்தார்கள். அவர்களுடைய பெண்சாதிமாருக்கு ஊரிலே தனி மதிப்பு. கலியாண வீட்டில் அவர்களுக்கென்று பாய் விரிப்பார்கள். வேலிச் சண்டையில் கூட அவர்களிடம் குரலைத் தாழ்த்திக் கதைப்பார்கள். பராசக்திக்கும் அது கிடைத்தது.

ஊர்த் தபாலில் ஒரு முறை கடிதம் தவறிப்போனதால் 1930இலிருந்து சண்முகநாதன் தன் கடிதங்களை யாழ்ப்பாணப் பெரியகடையில் இருந்த மைத்துனர் பஞ்சலிங்கத்தின் பலசரக்குக் கடை விலாசத்துக்கே எழுதினான். பஞ்சலிங்கம் பராசக்தியின் தமையன். மாதத்தில் முதற் சனிக்கிழமை பஸ்ஸேறி வந்து தங்கையிடம் கடிதத்தையும் காசையும் கொடுத்துவிட்டுப் போவார். 1934 பெப்ரவரி பதினேழாம் திகதி எழுதிய கடிதம்தான் கடைசி. அதிலே வித்தியாசமாக ஒன்றும் இல்லை. மழை பெய்கிறது, மகளைப் பள்ளிக்கூடம் விடு, வேலிக்குக் கதியால் தடி போடு, அவ்வளவுதான். அதற்குப் பிறகு பராசக்தி எழுதிய ஆறு கடிதங்களில் நாலுக்கு மறுமொழி இல்லை. இரண்டு, ஆள் இல்லை என்ற முத்திரையோடு கடைக்கே திரும்பி வந்தன. பஞ்சலிங்கமும் அவளும் தவிர ஒருவரும் காணமுன் அவற்றை அடுப்பில் போட்டார்கள்.

பராசக்தி அழவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அழுததை ஒருவரும் காணவில்லை. முதற் சனிக்கிழமைகளில் தமையன் வருவது நிற்கவில்லை. வரும்போது வெறும் கடித உறை ஒன்றைச் சட்டைப் பையில் எட்டிப் பார்க்கும்படி வைத்துக்கொண்டு வருவார். போகும்போது பராசக்தி இடித்த மிளகாய்த்தூளும் வேப்பம்பூ வடகமும் பனம்பழப் பினாட்டும் நிறைந்த இரண்டு பெரிய பெட்டிகளைக் கொண்டுபோவார். மலாயாவுக்கு அனுப்ப என்று அயலுக்குச் சொல்லுவாள். எல்லா வீட்டுக்காரரும் அப்படி அனுப்புகிறவர்கள்தான் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. தூள் பஞ்சலிங்கத்தின் கடையிலே விலைப்பட்டது. அதில்தான் தாயும் மகளும் சாப்பிட்டார்கள். அளவு மட்டும் கொஞ்சம் கூடிப்போய்விட்டது. புகையிலைத் தோட்டக்காரர் தம்பிராசா, ஊரில் எவரையும் பகிடி பண்ணாமல் விடாதவர், ஒரு நாள் படலையில் நின்று கேட்டார்:

"பராசத்தி, உவன் சண்முகநாதன் அங்கை தனியச் சாப்பிடுறானோ, இல்லாட்டி றெயில்வே முழுக்கச் சமைச்சுப் போடுறானோ?"

"கூட இருக்கிறவைக்கும் குடுக்கிறவராம் அண்ணை," என்றாள் பராசக்தி.

விளாத்தியடி அந்த நாளில் தேய்ந்துகொண்டு வந்தது. முன்பு தென்மராட்சியிலிருந்தும் வலிகாமத்திலிருந்தும் புகையிலையும் வெங்காயமும் ஏற்றிப் பருத்தித்துறைக்குப் போகிற வண்டிகள் அந்தச் சந்தியில்தான் மாடு அவிழ்த்துத் தண்ணீர் காட்டின. அதனால் சந்தியில் பத்தொன்பது கடைகள் இருந்தன. லொறி வந்தது, லொறிக்குத் தண்ணீர் காட்டத் தேவையில்லை. புகையிலைக்குத் திருவிதாங்கூரில் விலை விழுந்தது. 1937 முடிவில் ஏழு கடைகள் மிஞ்சின.

1938 மார்ச் ஆறாம் திகதி ஞாயிற்றுக்கிழமை நாற்பத்தாறு பேர் கூடி விளாத்தியடி முன்னேற்றச் சங்கத்தைத் தொடங்கினார்கள். தம்பிராசா தலைவர். தெரு ஓவசியராக இருந்து இளைப்பாறிய நமசிவாயம் காரியதரிசி. நமசிவாயம் ஒன்றையும் வாயாலே தீர்மானிக்க விடாத மனிதர். ஊருக்கு என்ன வேண்டும் என்று கேட்டவுடன் ஒருவர் நெசவுசாலை என்றார், இன்னொருவர் தீப்பெட்டித் தொழிற்சாலை என்றார். "முதல்லை எண்ணுவம்," என்றார் நமசிவாயம். முறை வைத்து இரண்டிரண்டு பேராகச் சந்தியில் ஏழு நாள் இருந்து எண்ணினார்கள். நாளொன்றுக்குச் சராசரி அறுபத்துமூன்று வண்டியும் பதினொரு லொறியும் சரக்கோடு போயின. நின்றவை நாலு. பிறகு இருநூற்றுப் பதினாலு வீடுகளுக்கும் போய், என்ன விளைவிக்கிறீர்கள், எங்கே விற்கிறீர்கள் என்று கேட்டார்கள். கடற்கரையிலிருந்து தலையில் கடகம் சுமந்து வந்து மீன் விற்கிற மரியநாயகியையும் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"பத்து மணிக்கு முந்தி என்னாலை வரேலாது," என்றாள் மரியநாயகி. "வெயிலுக்கை நடந்து நடந்து மீன் கருவாடாய்ப் போகுது. இருந்து விக்க ஒரு கூரை தந்தால் இருபது பேர் வருவம். உங்கடை கோயிலுக்கு மணக்கும் எண்டு பயந்தால் காத்துக்குக் கீழை வையுங்கோவன், மணம் அங்காலை போயிடும்."

அப்படியே எழுதப்பட்டது. பதினொரு கூட்டங்களின் பிறகு திட்டம் ஒரு வடிவத்துக்கு வந்தது: சந்தியிலே ஒரு நாளாந்தச் சந்தை. மரக்கறிக்கும் வெங்காயத்துக்கும் இரண்டு கொட்டகை, புகையிலைக்கு ஒரு களஞ்சியம், கிழக்கோரம் மீனுக்கு ஒரு கூரை. கொட்டகைகளைக் கட்டித்தர, அந்தப் பகுதி ஊர்களுக்கெல்லாம் பொதுவான கிராமச் சங்கம் உடன்பட்டது. நிபந்தனை ஒன்றே ஒன்று. 1939 டிசம்பர் முப்பத்தோராம் திகதிக்கு முன் காணியை ஊரார் உறுதி முடித்துக் கொடுக்கவேண்டும். தவறினால் அந்த ஒதுக்கீடு பட்டியலில் அடுத்ததாக இருந்த பூவரசடிக்குப் போகும். பூவரசடி கிழக்கே மூன்று மைல்.

நமசிவாயம் எண்ணிய அந்தக் கணக்கில் பிழையான பதிவு ஒன்றுதான். பராசக்தியின் வீட்டில் என்ன விற்கிறீர்கள் என்று கேட்டபோது, "ஒண்டுமில்லை," என்றாள். அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

காணி வேண்டுமென்று 1939 பெப்ரவரி பதினேழாம் திகதி வெள்ளிக்கிழமை தம்பிராசாவும் நமசிவாயமும் அவளிடம் வந்தார்கள்.

"பராசத்தி, ஊர் வந்து உன்ரை வாசல்லை கையேந்தி நிக்குது. இல்லையெண்டு சொல்லிப்போடாதை," என்றார் தம்பிராசா.

"இருங்கோ அண்ணை. என்ன பெரிய கதையெல்லாம் கதைக்கிறியள்?"

நமசிவாயம் ஒரு வெள்ளைச் சீலையை நிலத்தில் விரித்தார். அதிலே மையால் சந்தையின் படம் கீறியிருந்தது. கிணற்றடி மூலையில் ஒரு சிறு சதுரத்தைத் தொட்டுக் காட்டினார். "இந்தக் கடை உனக்கு, பிள்ளை. வாடகை இல்லை. எப்பவும் உனக்குத்தான்."

"எனக்கென்னத்துக்குக் கடை? நான் என்ன விக்கிறனான்?" என்றாள். ஆனால் அவளுடைய கண் அந்தச் சதுரத்தை விட்டு எடுபடவில்லை. இடித்த தூளுக்குத் தன் வாயாலே விலை சொல்லி, தன் கையாலே அளந்து கொடுக்கிற ஓர் இடம். குணலட்சுமியை ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்த பிறகு, யாருக்கும் பயப்படத் தேவையில்லாத ஒரு நாளில், அதிலே போய் இருக்கலாம்.

"சண்முகநாதன் வந்தால் இருந்து சுருட்டுப் பத்த இடம் வேணுமெல்லோ," என்று சிரித்தார் தம்பிராசா.

"அவருக்கு எழுதிப்போட்டுச் சொல்லுறன்," என்றாள் பராசக்தி.

எழுதுவதற்கு விலாசம் இல்லை. மாட்டேன் என்று சொல்லவும் வழியில்லை. மறுத்தால் ஊரார் நேரே ஈப்போவுக்கு எழுதி அவனிடம் கேட்பார்கள். ஐந்து கிழமை பொறுத்தாள். மார்ச் இருபத்தாறாம் திகதி ஞாயிற்றுக்கிழமை நமசிவாயத்தின் வீட்டுக்குப் போய், "அவர் ஓம் எண்டு எழுதியிருக்கிறார்," என்றாள்.

அது போதுமாக இருந்தது. இதிலேதான் ஊரார் பிழைவிட்டார்கள். யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி சீதனக் காணி பெண்ணுடையது. ஆனால் அதை விற்கவோ கொடுக்கவோ புருசனும் எழுத்தில் சம்மதம் வைக்கவேண்டும். சங்கத்து நாற்பத்தாறு பேரில் அநேகர் தத்தம் பெண்சாதிமாரின் உறுதிகளில் கையெழுத்து வைத்தவர்கள். ஆனாலும் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. மலாயாக்காரர் வீட்டில் கிணறு வெட்டுவதும் பெண் பேசுவதும் எல்லாம், அவர் எழுதியிருக்கிறார் என்ற ஒரு சொல்லிலே நடந்து பழகிய ஊர் அது. சித்திரை மாதம் ஒன்பது நாள், வீட்டுக்கொருவராக வந்து, காணியில் இருந்த பற்றை முழுவதையும் வெட்டி எரித்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு கதியால் நட்டு எல்லை போட்டார்கள். கிணற்றை இறைத்துச் சேறு வாரினார்கள். பராசக்தி ஒன்பது நாளும் அவர்களுக்கு மோர் கரைத்துக் கொடுத்தாள்.

ஜூன் ஐந்தாம் திகதி திங்கட்கிழமை கொடை உறுதி எழுத நொத்தாரிசிடம் போனார்கள். பராசக்தியும் போனாள். நொத்தாரிசு பழைய உறுதியை மூக்குக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்து வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எல்லாம் சரி. புருசன் எங்கை?"

"ஈப்போவிலை," என்றார் நமசிவாயம். "சம்மதமெண்டு கடிதம் போட்டிருக்கிறார், ஐயா."

"கடிதத்தை வைச்சு நான் என்ன செய்யிறது, ஓவசியர்? அங்கை ஒரு நொத்தாரிசுக்கு முன்னாலை, தனக்குப் பதிலாய் இஞ்சை ஒருத்தர் சம்மதம் வைக்க, அற்றோணித் தத்துவம் எழுதிக் கையெழுத்து வைச்சு அனுப்பவேணும். பரவாயில்லை, நாள் கிடக்குது. கடிதத்தைக் கொண்டு வந்தனியளோ? விலாசத்தைப் பாப்பம்."

எல்லாரும் பராசக்தியைப் பார்த்தார்கள்.

"வீட்டிலை கிடக்குது," என்றாள்.

நொத்தாரிசு எழுதிக்கொடுத்த கடதாசியைத் தானே அனுப்புவதாக வாங்கிக்கொண்டாள். அது பஞ்சலிங்கத்தின் கடை மேசை லாச்சியில் போய்க் கிடந்தது. ஜூலை போயிற்று, ஓகஸ்ட் போயிற்று. செப்டெம்பர் மூன்றாம் திகதி இங்கிலாந்து யுத்தத்தில் இறங்கியது. அதன் பிறகு ஊரே அவளுக்காகச் சாட்டுச் சொல்லத் தொடங்கிவிட்டது. "சண்டையெல்லோ, கப்பல் பிந்தும். நீ யோசிக்காதை, பிள்ளை." பொய் சொல்லுகிற வேலையைக் கூட அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். அது அவளை இன்னும் வாட்டியது.

தம்பிராசா பொறுக்கமாட்டாமல், ஈப்போவிலே இருந்த தன் மருமகனுக்குத் தானாகவே ஒரு கடிதம் எழுதியிருந்தார். மறுமொழி ஒக்டோபர் இருபத்தோராம் திகதி வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நமசிவாயம் தனியாக அந்தக் கடிதத்தோடு பராசக்தி வீட்டுக்கு வந்தார். அவள் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். புகையிலே அவருக்குத் தும்மல் வந்தது. முற்றத்தில் பாய் நிறையக் காய்கிற மல்லியையும், உரலையும், சுளகையும், வரிசையாக அடுக்கியிருந்த பெட்டிகளையும் ஒரு முறை பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கடிதத்தை நீட்டினார்.

சண்முகநாதன் 1933 முடிவிலேயே வேலையை விட்டுவிட்டான். சயாம் பக்கம் போனதாகச் சிலர் சொல்லுகிறார்கள். பர்மா என்று சிலர். ஐந்து வருடமாக ஒருவரும் காணவில்லை. வீட்டாருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து ஒருவரும் ஊருக்கு எழுதவில்லையாம். இதுதான் அதில் இருந்தது.

பராசக்தி வாசித்துவிட்டு அடுப்பிலிருந்து தாச்சியை இறக்கி வைத்தாள். மிளகாய் கருகினால் தூள் கறுத்துவிடும்.

"ஆர் ஆர் வாசிச்சது?"

"நானும் தம்பிராசாவும்தான். அவன் பிறந்த நாள் தொட்டு அண்டைக்குத்தான் வாய் மூடி இருந்தவன்."

"நான் எல்லாரையும் ஏமாத்திப்போட்டன், அண்ணை."

"அதை விடு. ஒரு வழி கிடக்குது. சொல்லுறன், நீ செய்யவேணுமெண்டில்லை." நமசிவாயம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "புருசன் கைவிட்டிட்டார், இருக்கிற இடம் தெரியாது எண்டு சத்தியக் கடதாசி முடிச்சு நீதிபதியின்ரை கோட்டிலை குடுத்தால், அவருக்குப் பதிலாய்க் கோடு சம்மதம் குடுக்கும். சட்டத்திலை இடமிருக்குது."

"பேப்பரிலை போடுவினமோ?"

"ஓம். கோட்டு வாசல்லையும் ஒட்டுவினம்."

"குணத்துக்குப் பதின்மூண்டு வயசு, அண்ணை. இன்னும் நாலு வருசம் இதை மூடி வைச்சிருந்தால் அவளை ஒரு கரையிலை சேர்த்துப்போடுவன்."

"தெரியும்."

"அவையள் நாலு வருசம் பொறுக்கமாட்டினமோ?"

"டிசம்பர் முப்பத்தொண்டு, பிள்ளை. எழுதியிருக்கிறது அதுதான்."

அவர் போட்டு வாறன் என்று எழுந்தார். 

நவம்பர் முதலாம் திகதி பஞ்சலிங்கத்தை ஆள்விட்டுக் கூப்பிட்டாள். அவள் கோட்டுக்குப் போகப்போகிறாள் என்று கேட்டதும் அவர் சத்தம் போட்டார்.

"உனக்கென்ன விசரோ? ஊருக்குச் சந்தை வேணுமெண்டால் ஊர் வேறை காணி தேடட்டும். நீ ஏன் உன்ரை மானத்தைக் கொண்டுபோய் நடுச்சந்தியிலை விரிக்கிறாய்? நாளைக்குக் குணத்தை ஆர் வந்து கேக்கப்போயினம்?"

"வேறை காணி இல்லை அண்ணை. மற்ற மூண்டு மூலையும் நாப்பது பேருக்குப் பங்கு. ஓவசியர் அண்ணை எல்லாம் பாத்திட்டார்."

"அது அவையின்ரை பாடு."

"என்ரை பொய்யை நம்பித்தானே அவையள் ஒன்பது நாள் பத்தை வெட்டினவை. நான் மோர் குடுத்துக்கொண்டு நிண்டனான். ஒவ்வொருத்தரும் குடிச்சுப்போட்டு, சண்முகநாதன் நல்ல மனிசன் எண்டு சொன்னவை. எனக்கு அதைக் கேட்டுக்கொண்டு நிக்கேலாமல் போச்சு, அண்ணை."

பஞ்சலிங்கம் சால்வையால் முகத்தைத் துடைத்தார். மறுநாள் வியாழக்கிழமை அவரே அவளைக் கோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழக்குப் பேசுகிற பிரக்கிராசி ஒருவர் மனுவை எழுதினார். அவள் சத்தியம் பண்ணிக் கையெழுத்து வைத்தாள். நவம்பர் பதின்மூன்றாம் திகதி பத்திரிகையில் வந்தது. நாலு விரல் அகலமுள்ள விளம்பரம்.

அந்தக் கிழமை பராசக்திக்கு ஒருவரும் ஒரு பொல்லாத சொல்லும் சொல்லவில்லை. அவள் கிணற்றடிக்குப் போனால் கதை நின்றது, அவ்வளவுதான். குணலட்சுமி மட்டும் ஒரு நாள் பள்ளிக்கூடத்தால் வந்து புத்தகங்களை மூலையில் வைத்துவிட்டு, "கொப்பர் துலைஞ்சு போட்டாராமே எண்டு கேக்கினம் அம்மா. நான் என்ன சொல்ல?" என்றாள். பராசக்தி அவளுக்குச் சோறு போட்டாள்.  பிள்ளை எட்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை.

டிசம்பர் பன்னிரண்டாம் திகதி மனு விசாரணைக்கு வந்தது. இரண்டு நிமிசத்தில் முடியும் என்று பிரக்கிராசி சொல்லியிருந்தார். ஆனால் சண்முகநாதனின் தமையன் கதிரித்தம்பி, கரவெட்டியிலிருந்து ஒரு பிரக்கிராசியோடு வந்திருந்தார். குடும்பத்தில் ஒருவன் பெண்சாதியைக் கைவிட்டான் என்று கோட்டுப் புத்தகத்தில் ஏறுவதை அவரால் தாங்க முடியவில்லை. கோட்டு விறாந்தையில் பராசக்தியைக் கண்டதும் நேரே வந்தார்.

"என்ரை தம்பி இருக்கிற இடம் தெரியாதோ? பின்னை மாசா மாசம் ரண்டு பெட்டி மிளகாய்த்தூள் ஆருக்கடி போனது? கப்பல் கப்டனுக்கோ?"

"அத்தான், அது அவருக்குப் போகேல்லை. கடையிலை வித்தது."

"ஆகா! ஊருக்கு ஒரு கதை, கோட்டுக்கு ஒரு கதை. மாச்சிலை அவர் ஓம் எண்டு எழுதியிருக்கிறார் எண்டு சொன்னது ஆர்? நான் சொன்னனோ?"

அதையே அவருடைய பிரக்கிராசி உள்ளே கேட்டார். சாட்சிக்கு அழைக்கப்பட்ட இரண்டு அயலவர்களும் சத்தியத்துக்குப் பயந்தவர்கள். மாதா மாதம் கடிதம் வந்தது, காசு வந்தது, பெட்டி போனது என்று தாங்கள் கண்டதைச் சொன்னார்கள். நமசிவாயமும் கூண்டில் ஏறி, கணவன் சம்மதம் எழுதியதாக மனுக்காரி தம்மிடம் சொன்னது உண்மை என்று சொல்லவேண்டி வந்தது. பிறகு ஈப்போக் கடிதத்தை எடுத்து நீட்டினார். அது ஒருவருடைய செவிவழிச் செய்தி, பஞ்சலிங்கம் சொல்லுவது தங்கைக்காகத் தமையன் சொல்லுவது என்றார்கள். நீதிபதி பொறுமையாகக் கேட்டார். ஐந்து வருடமாக ஒரு பெண் தானே கட்டி எழுப்பிய சாட்சியம் அவர் முன்னே இருந்தது. அதைத் தள்ளிவிட அவராலும் முடியவில்லை. சண்முகநாதன் வேலைபார்த்த றெயில்வேக் கந்தோரிலிருந்து எழுத்தில் மறுமொழி எடுக்கும்படி சொல்லி, வழக்கை ஜனவரி பதினாறுக்குத் தள்ளினார்.

ஜனவரி என்ற சொல்லைக் கேட்டதும் பராசக்தி நமசிவாயத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவர் குடையின் பிடியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அவர் சும்மா இருக்கவில்லை. அந்த மாதம் கிராமச் சங்கத் தலைவரிடம் நாலு தரம் போனார். ஒரு மாதத் தவணை கேட்டார். தலைவர் இரக்கமுள்ளவர், நாற்காலி போட்டு இருத்தித்தான் கதைத்தார். ஆனால் பூவரசடியார் ஒக்டோபரிலேயே தங்கள் காணிக்கு உறுதி முடித்து, நகலைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டார்கள். டிசம்பர் முப்பத்தொன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு விளாத்தியடியில் குறிப்பிடும்படி ஒன்றும் நடக்கவில்லை. கடைக்காரர் இருவர் சந்தியில் நின்று வெகுநேரம் கதைத்தார்கள். பிறகு அவர்களும் போய்விட்டார்கள்.

றெயில்வேயின் மறுமொழி மூன்று தவணை பிந்தி வந்தது. 1940 மே மாதம் ஒன்பதாம் திகதி, சண்முகநாதன் இருக்கும் இடம் தெரியாதென்று கண்டு, காணியைக் கொடுக்கக் கோடு சம்மதம் அளித்தது. கதிரித்தம்பி அன்றைக்கு வரவே இல்லை. அவருக்கும் அலுத்துப்போயிருந்தது.

அதற்குப் பத்தாம் நாள் முன்னேற்றச் சங்கக் கூட்டம். முன்பு நாற்பத்தாறு பேர் கூடிய இடத்தில் ஏழு பேர் இருந்தார்கள். கூட்டத்துக்குப் பெண்கள் போகிற வழக்கமில்லை. பராசக்தி போய் வாசலில் நின்றாள்.

"உள்ளுக்கு வா, பிள்ளை," என்றார் நமசிவாயம்.

அவள் கோட்டு உத்தரவை மேசையில் வைத்தாள். "கிடைச்சிட்டுது. இனி எப்ப உறுதி எழுதலாம்?"

 தம்பிராசாதான் மறுமொழி சொன்னார். "பூவரசடியிலை பங்குனியிலை அத்திவாரம் போட்டாச்சு, பராசத்தி."

"அங்கை ஒண்டு, இங்கை ஒண்டு கட்டேலாதோ?"

"மூண்டு மைலுக்குள்ளை ரண்டு சந்தைக்குக் காசு குடுக்கமாட்டினமாம். கேட்டுப் பாத்தாச்சு."

"சங்கத்துக்கெண்டாலும் எடுங்கோவன். நீங்களாய்க் கட்டுங்கோ. ஓலைக் கொட்டில் போட்டாலும் காணும்."

ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்த வருடம் புகையிலை இன்னும் விழுந்திருந்தது. களஞ்சியத்துக்கு மரம் தருவதாகச் சொன்னவர் மரத்தை விற்றுவிட்டார். கூலிக்கு நின்ற ஆட்கள் மன்னார்ப் பக்கம் போய்விட்டார்கள்.

"எண்ணிப் பாத்தனான்," என்றார் நமசிவாயம் மெதுவாக. "காசும் ஆளும் காணாது, பிள்ளை."

"அப்ப இந்தக் கடதாசியை நான் என்ன செய்யிறது?"

"கவனமாய் வை," என்றார் தம்பிராசா. ஏதோ ஒரு பகிடி சொல்ல வந்தவர் போல வாயை அசைத்தார், வரவில்லை. "கறையான் அரியாமல் வை."

அவள் அதை நாலாக மடித்து எடுத்துக்கொண்டாள். அந்த வருட முடிவில் சந்தியில் கடைகள் நாலு.

பூவரசடிச் சந்தை 1941 பெப்ரவரி ஐந்தாம் திகதி புதன்கிழமை திறந்தது. விளாத்தியடித் திட்டத்தில் எழுதியிருந்த அத்தனையும் அங்கே இருந்தன. மீன் கூரை மட்டும் காற்றுக்கு மேலே இருந்தது, மணம் சந்தை முழுக்க அடித்தது. மரியநாயகியும் அவளோடு இருபது பேரும் அங்கே போய் இருந்தார்கள். பராசக்தி இரண்டாம் கிழமை போனாள். இனி மறைக்க ஒன்றும் இல்லாதபடியால் தூளைப் பெட்டியில் கட்டாமல் கடகத்தில் திறந்தபடியே சுமந்து போனாள். ஆனால் அவள் நினைத்திருந்த மாதிரி அது இருக்கவில்லை. கொட்டகைக்குள் பூவரசடியாருக்கே இடம் போதவில்லை, வெளியூராருக்கு மதிலோரம்தான். மழை வந்தால் தூளை மூடிக்கொண்டு எழும்பவேண்டும். குணலட்சுமியைக் கேட்டு வர இருந்த ஒரு பகுதியார், வருவதாகச் சொன்ன நாளில் வரவில்லை. வராததற்குக் காரணமும் சொல்லவில்லை.

1942இல் மலாயா யப்பானியர் கையில் போயிற்று. விளாத்தியடியின் மற்ற முப்பது மலாயாக்கார வீடுகளுக்கும் கடிதம் நின்றது. அதுவரை கிணற்றடியில் கதையை நிறுத்தியவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பராசக்தியிடம் வந்தார்கள்.

"நீ இவ்வளவு காலமும் என்னண்டு இருந்தனீ, பராசத்தி?" என்று கேட்டாள் ஒருத்தி. இன்னொருத்திக்கு, காணி ஈடு வைக்கக் கோட்டில் மனுக் கொடுப்பது எப்படி என்று தெரியவேண்டும்.

பராசக்தி பிரக்கிராசியின் பெயரைச் சொன்னாள்.  தான் எப்படி இருந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அந்த வருடம் பெற்றோல் தட்டுப்பாட்டால் பஸ்கள் குறைந்தன. குறித்த இடங்களில் மட்டும் நின்றன. ஜூலை பதினாலாம் திகதி செவ்வாய்க்கிழமை, சந்தை முடிந்து, கால் வீங்கியிருந்தபடியால் நடக்கமாட்டாமல் பராசக்தி பஸ்ஸில் ஏறினாள்.

"எங்கை, அக்கா?" என்றான் கொண்டக்டர்.

"விளாத்தியடி."

"அங்கை இப்ப நிக்கிறேல்லை. ஏறி இறங்க ஆளில்லையெண்டு பட்டியல்லையிருந்து எடுத்துப்போட்டினம். கரவெட்டியிலை இறங்கி நடவுங்கோ."

"ரண்டு மைல் திரும்பி நடக்கவேணும், தம்பி. வழியிலைதானே என்ரை வீடு."

"நான் என்ன செய்ய, அக்கா? நிப்பாட்டினால் என்ரை வேலை போடும்."

அவள் வெறுங் கடகத்தை மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் விளாத்தியடிச் சந்தியில் வேகம் குறையாமல் திரும்பியது. பதினான்கு பரப்பும் சன்னலோரமாகப் போயிற்று. கதியால்கள் துளிர்த்து ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தன. உள்ளே யாருடையதோ இரண்டு மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பராசக்தி கழுத்தைத் திருப்பி, மறைகிறவரைக்கும் பார்த்தாள். பிறகு கரவெட்டிக்கு டிக்கட் எடுத்தாள்.